பால் வகுத்த இலக்கணமும் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களும்

கும்பகோணத்துக்கு வடகிழக்கே, கொள்ளிடத்துக்குத் தெற்கே இருக்கும் திருப்பனந்தாளைப் பக்தர்கள் செஞ்சடையப்பர் கோயிலுக்காக அறிவார்கள்; தமிழ் படித்தவர்கள் காசித் திருமடத்துக்காக அறிவார்கள். குமரகுருபரர் மரபில் வந்த இம்மடம் தமிழ் நூல்களைப் பதிப்பித்தது, ஊரில் கல்லூரி நடத்தியது. இதுபோன்ற கல்விக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மனப்பாடம் செய்துவந்த இரண்டு நூற்பாக்கள், பால்புதுமையர் சமூகத்துக்குள் இன்று நடக்கும் ஒரு விவாதத்தை நேராகத் தொடுகின்றன. முதலாவது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வருவது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு அதற்கென்று தனி ஈறு இல்லை என்றும், அது உயர்திணைக்குரிய ஈறுகளையே கொண்டு முடியும் என்றும் அது சொல்கிறது. இரண்டாவது, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியின் நன்னூலில் உள்ளது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவர் பெண்பால் என்று வகுத்துவிட்டு, இருவரும் அஃறிணை போலவும் ஆகலாம் என்று முடிக்கிறது. ஒருவருடைய பாலை அவருடைய விருப்பமே முடிவு செய்யும் என்று ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓர் இலக்கண நூல் எழுதிவைத்திருப்பது பெருமைக்குரியது. ஆனால் அதே நூற்பா அவரை மனிதரல்லாத திணையிலும் வைக்க இடம் கொடுக்கிறது. பெயர் கொடுத்து உள்ளே அழைக்கிறவரிடமே வெளியே அனுப்பும் அதிகாரமும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் மொழியில் இல்லை.

இக்கட்டுரையின் வாதம் இதுதான். பால்புதுமையருக்கு, அதாவது பாலினத்தாலும் பாலீர்ப்பாலும் சிறுபான்மையராக இருப்பவர்களுக்கு, பெயர்கள் தேவை. அவை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். யாருக்கு எது பொருந்தும் என்பதை அவரவரே சொல்ல வேண்டும். ஆனால் ஒரு குடிமகனுக்கு எப்படியும் சேர வேண்டிய உரிமையை ஒரு பெயரோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அந்தப் பெயரைக் கண்காணிக்க ஆள் தேவைப்படுகிறது. யார் உண்மையானவர், யார் போலி, யார் முழுமையானவர், யார் பாதி என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. அரசு தொடங்கும் விசாரணையைச் சமூகமே தனக்குள் தொடர்கிறது. தமிழ்நாட்டின் கடந்த இருபது ஆண்டு அனுபவம், நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டவை உட்பட, இதையே காட்டுகிறது.

முதலில் நடந்த நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு திருநங்கையருக்காக அமைத்த நல வாரியம் இந்தியாவுக்கே முன்னோடி. இழிசொற்களால் மட்டுமே அழைக்கப்பட்டு வந்தவர்களுக்கு ‘திருநங்கை’ என்ற மரியாதையான பெயரை அரசு தன் ஆவணங்களில் ஏற்றியது. அடையாள அட்டை, குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை, 40 வயது கடந்த ஆதரவற்றோருக்கு மாத உதவித்தொகை என்று ஒவ்வொன்றாக வந்தன. தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடிந்தது என்று அந்தத் தலைமுறையினர் சொல்வதில் மிகையில்லை. தஞ்சை நால்வர் மரபில் வந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் நடனம் பயின்ற திருநங்கை நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றதும், 2021இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினரானதும் அந்த மாற்றத்தின் அடையாளங்கள். ஆனால் வாரியம் பிறந்தபோது அரசின் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் திருநங்கையர் மட்டுமே. அவர்களுக்கு ஜமாத் என்ற சமூக அமைப்பு இருந்தது, அதன் தலைவர்களான நாயக்குகள் இருந்தார்கள், சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா இருந்தது. பெண்ணாக வளர்க்கப்பட்ட திருநம்பிக்கு இவற்றில் எதுவும் இல்லை. காவிரி டெல்டா கிராமத்தில் ஓர் ஆண்பிள்ளை வீட்டைவிட்டுப் போனால் வருத்தப்படுவார்கள். ஒரு பெண்பிள்ளை போனால் காவல் நிலையத்தில் புகார் எழுதுவார்கள். வெளியே வரவே முடியாதவர் வரிசையில் நின்று தன்னைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது எப்படி? கண்ணுக்குத் தெரிந்தவர்களின் பெயரே எல்லோருக்குமான பெயராகி, தெரியாதவர்கள் பல ஆண்டுகள் அதன் நிழலில் மறைந்து போனார்கள். திருநங்கை எழுத்தாளர் ஏ. ரேவதி தம் எழுத்தில் திருநம்பிகளின் வாழ்க்கைக் கதைகளையும் சேர்த்துப் பதிவு செய்தார். அதை நான் முக்கியமான பணியாகக் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கெடுப்பிலும் இதே சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண், பெண் அல்லாதவர்களுக்கு ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் வைத்தது. நாடு முழுவதும் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர். நாட்டளவிலான எண்ணிக்கையில் 54,854 பேர் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஆறு வயதுக் குழந்தை தன் பாலினத்தைக் கணக்கெடுப்பாளரிடம் அறிவித்திருக்க முடியாது. பெற்றோர் சொன்னதோ, கணக்கெடுத்தவர் எழுதியதோதான் அங்கே இருக்கிறது. ஆக, ஆண், பெண் என்று திட்டமாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு, அதாவது ஊடுபாலாகப் பிறந்த குழந்தையும், வளர்ந்தபின் தன் பாலினத்தை உணர்ந்து சொன்னவரும் ஒரே கட்டத்தில் விழுந்திருக்கிறார்கள். அதற்கு வெளியே ஆணென்றும் பெண்ணென்றும் பதிந்துகொண்டவர்கள் எத்தனை பேரோ. அந்த எண்ணை வைத்துத் திட்டம் தீட்டுகிறவர் எந்த மக்களுக்காகத் தீட்டுகிறார்?

இந்தக் குழப்பம் ஒரு மனித வாழ்வை எப்படி நொறுக்கும் என்பதைத் தஞ்சைக்கு அடுத்த மாவட்டத்திலேயே பார்த்தோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாகவே ஓடினார். ஒரு சோதனைக்கூட அறிக்கை அவரைப் பெண் என்ற பெயரிலிருந்து வெளியே தள்ளியது; ஊடகங்களோ அவர் ஒருபோதும் சொல்லிக்கொள்ளாத வேறு பெயர்களை அவர்மேல் ஒட்டின. அன்றைய தமிழ்நாடு அரசு பதக்கம் பறிபோன பிறகும் 15 லட்சம் ரூபாய் பரிசை அவருக்கே கொடுத்தது. எந்தப் பெயருக்குள் வருகிறார் என்று கேட்காமல், ஓடியவருக்கு உரியதைக் கொடுத்த செயல் அது. பின்னாளில் சட்டம் வேறு வழியில் போனது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், ஊடுபால் உடலமைப்பு கொண்டவர்களையும் ‘திருநர்’ என்ற வரையறைக்குள்ளேயே போட்டது. சாந்தியைப் போன்ற ஒரு பெண் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க வேண்டுமானால், தான் அல்லாத ஒன்றாகத் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறாக, அதே 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்பையும், அதைத் தொடர்ந்து ஆகஸ்டில் வந்த அரசாணையையும் பாருங்கள். ஊடுபால் குழந்தைகளுக்கு உயிர் ஆபத்து இருந்தால் தவிரப் பாலினத்தைச் ‘சரிசெய்யும்’ அறுவைச் சிகிச்சை கூடாது என்று தமிழ்நாடு தடை விதித்தது. அந்தத் தடையின் பலனைப் பெற எந்தக் குழந்தையும் எந்தச் சான்றிதழும் காட்ட வேண்டியதில்லை.

தன்பாலீர்ப்புள்ள பெண்களின் நிலை இன்னும் தெளிவான பாடம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தந்த தீர்ப்பு மூன்றாம் பாலினத்தை ஏற்றது. தன்பாலீர்ப்பாளரும் இருபாலீர்ப்பாளரும் அந்தப் பிரிவில் அடங்கார் என்று 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அது சரியான விளக்கமே. ஆனால் நலத்திட்டம் முழுவதும் அந்த ஒரு பிரிவின் மேலேயே கட்டப்பட்டிருந்ததால், மற்றவர்கள் எங்கும் இல்லாதவர்களானார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களைப் பெற்றோரும் காவல்துறையும் தேடியபோது, அவர்களைக் காப்பாற்ற எந்த வாரியமும் எந்த அட்டையும் இல்லை. 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு அவர்களைக் காத்தது. இந்தப் பொருளில் தமக்குத் தெளிவு போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுக் கற்றுக்கொண்ட பிறகே அவர் அதை எழுதினார். அதன் தொடர்ச்சியாகக் காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் வந்தது. 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியல் அரசிதழில் வெளியானது. 2025 மே மாதத்தில் இன்னொரு வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி அல்ல என்றும், தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. இந்த இரு வழக்குகளிலும் அந்தப் பெண்களைக் காத்தது எது என்பதைக் கவனிக்க வேண்டும். வயது வந்த மனிதர் விரும்பியவரோடு வாழலாம் என்ற பொதுவான உரிமைதான் காத்தது. சொற்பட்டியல் முக்கியம், நாளிதழ் அவர்களை இழிவாக எழுதாமல் இருக்க அது உதவும். கதவைத் தட்டும் காவலரை நிறுத்த வேறொன்று வேண்டும்.

இனிச் சமூகத்தின் உள்ளே. இதைப் பேசத் தயங்குகிறவர்கள் உண்டு. வெளியே இருப்பவர்கள் இதை ஆயுதமாக்கிக்கொள்வார்கள் என்ற அச்சம் நியாயமானதே. இருந்தாலும் பேசாமல் விட்டால் காயப்படுகிறவர்கள் உள்ளே இருப்பவர்கள்தான். குடும்பம் துரத்திய பிள்ளைக்கு ஜமாத் தாயையும் மகளையும் பாட்டியையும் தந்தது. அந்த உறவுமுறை இல்லாவிட்டால் பல உயிர்கள் பிழைத்திருக்காது. அதே அமைப்பில் ‘நிர்வாணம்’ எனப்படும் ஆணுறுப்பு நீக்கத்தைச் செய்துகொண்டவருக்கு ஒரு மதிப்பும், செய்யாதவருக்கு வேறொரு மதிப்பும் உண்டு. தாடியும் வேட்டியுமாக ஊரில் இருந்துகொண்டு உள்ளுக்குள் பெண்ணாக வாழும் கோத்திக்கு அதைவிடக் கீழான மதிப்பு. இந்தப் படிநிலை முழுக்க மரபிலிருந்து வந்தது என்று நினைப்பது தவறு. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களின் நிதி, மக்களை இலக்குக் குழுக்களாகப் பிரித்தே வந்தது. முதலில் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள் என்று எல்லோரையும் ஒரே தலைப்பில் போட்டார்கள். பிறகு திருநரைத் தனியே பிரித்தார்கள். அனிருத்த தத்தாவும் ராய்னா ராயும் மேற்கு வங்கத்தின் சிற்றூர்களையும் சிறு நகரங்களையும் வைத்து 2014இல் எழுதிய ஆய்வு, அங்கே கோத்தி, ஹிஜ்ரா என்ற வாழ்முறைகள் ஒன்றோடொன்று கலந்தே இருந்ததையும், நிதிக்கான வகைப்பாடு அவற்றுக்கு நடுவே கோடு கிழித்ததையும் காட்டுகிறது. யாருக்கு எந்தத் தலைப்பில் பணம் என்பது முடிவானபின், யார் எந்தத் தலைப்பில் சேர்வார் என்ற போட்டி வராமல் எப்படி இருக்கும்? 1871 குற்றப்பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி வட இந்தியாவில் ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணித்தது. அதே சட்டத்தை ரேகைச் சட்டம் என்று அழைத்து, அதன் கொடுமையை அறிந்த தமிழ்நாட்டுக்குப் பதிவேடு என்பது வெறும் காகிதம் அல்ல என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. இன்றைய பட்டியல் உதவுவதற்காக வந்தது, அன்றையது ஒடுக்குவதற்காக வந்தது, இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டிலும் ‘நீ யார் என்று நான் சரிபார்க்கிறேன்’ என்று ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார்.

இந்த விவாதத்தில் சாதிதான் மிகக் கூர்மையான இடம். 2015இல் தமிழ்நாடு அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. மேலோட்டமாகப் பார்த்தால் சலுகை. ஆனால் ஒரு தலித் திருநங்கை திருநங்கையாக மட்டும் ஒடுக்கப்படவில்லை, தலித்தாகவும் ஒடுக்கப்படுகிறார். திருநங்கை என்பதே ஒரு சாதி போல வைக்கப்பட்டதால், அவர் இரண்டில் ஒன்றை விட வேண்டிய நிலை வந்தது. திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு பல ஆண்டுகளாகக் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுப் போராடுவதன் காரணம் இதுதான். அதாவது பட்டியலினம், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பொதுப்பிரிவு என ஒவ்வொன்றுக்குள்ளும் திருநருக்குப் பங்கு வேண்டும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 2015 அரசாணையை ரத்து செய்து, ஒரு விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீடு வழங்கச் சொன்னது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்த லிவிங் ஸ்மைல் வித்யா, 2007இல் ‘நான், வித்யா’ நூலை வெளியிட்டவர், பாலினத்தையும் சாதியையும் பிரித்துப் பேச மறுத்தவர்களில் ஒருவர். நிலமும் நீரும் தெருவும் சாதியால் பங்கிடப்பட்ட காவிரிப் படுகையில், ஒரு மனிதரை ஒரே பெயரில் அடக்கிவிடலாம் என்று நினைப்பவர் இந்த மண்ணை அறியாதவர்.

மறுப்புகளுக்கு வருகிறேன். வரையறை கறாராக இல்லாவிட்டால் போலிகள் புகுந்துவிடுவார்கள் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வது. இந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கிறவர் இழப்பவற்றை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்: வீடு, வேலை, கல்யாணப் பேச்சு, ஊரில் இருக்கும் மரியாதை. மாதம் ஓராயிரத்துச் சொச்சம் உதவித்தொகைக்காக இவற்றைப் பணயம் வைக்கும் போலிகள் கூட்டமாக வருவார்கள் என்பது நம்பக்கூடியதல்ல. ஒருவர் இருவர் வந்தால், மற்ற திட்டங்களில் செய்வது போலவே வருமானத்தையும் முகவரியையும் விசாரிக்கலாம். உடலை விசாரிக்கத் தேவையில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் சுய அறிவிப்பே போதும் என்றது. 2019 சட்டமோ, திருநர் என்ற சான்றிதழுக்கு ஆட்சியரிடம் விண்ணப்பம் போதும் என்றாலும், ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்ள மருத்துவச் சான்று கேட்டது. நன்னூல் அவாவோடு நிறுத்திய இடத்தில் நாடாளுமன்றம் அறுவைச் சிகிச்சையைச் சேர்த்தது.

இத்தனை பெயர்கள் நகரத்து ஆங்கிலப் படிப்பிலிருந்து வந்தவை, கிராமத்துக்குப் புரியாது என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி உண்மை. ஆங்கிலத்தின் முதலெழுத்துகளைக் கோத்துச் சொன்னால் திருப்பனந்தாள் கடைத்தெருவில் யாருக்கும் புரியாதுதான். ஆனால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நெல் ரகங்களை எண் சொல்லிப் பிரித்து, எது குறுவைக்கு, எது தாளடிக்கு என்று பேசுகிற மக்களுக்கு நாலைந்து சொற்கள் சுமையாகிவிடாது. புரியாமைக்குக் காரணம் சொற்களின் எண்ணிக்கை அல்ல. அந்தச் சொற்களுக்கு உரியவர் ஊரில் தங்கி வாழ முடியாமல் திருச்சிக்கோ சென்னைக்கோ போய்விடுவதுதான். அவர் ஊரிலேயே இருந்தால், அவரை எப்படி அழைப்பது என்பதை அக்கம்பக்கத்தார் ஓராண்டில் கற்றுக்கொள்வார்கள்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு சமூகத்துக்குள்ளிருந்தே வருகிறது. திருநரின் வறுமையும் வன்முறையும் தனியானவை; வேலையும் வீடும் உள்ள தன்பாலீர்ப்பாளரோடு ஒரே குடையில் வைத்தால் அவர்களுடைய குரல் அமுங்கிவிடும் என்பது அது. அனைவருக்கும் ஒரே கொள்கையா, திருநருக்கும் ஊடுபாலருக்கும் தனிக் கொள்கையா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தின் முன்னும் விவாதிக்கப்பட்டது. 2025 ஜூலை 31 அன்று தமிழ்நாடு அரசு திருநருக்கான மாநிலக் கொள்கையை வெளியிட்டது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். இடஒதுக்கீடு, மருத்துவம் போன்றவற்றுக்குத் தனிப் பெயரும் தனிக் கணக்கும் தேவை என்றும் ஏற்கிறேன். வரலாற்று அநீதிக்கு ஈடு செய்யும்போது அநீதிக்கு ஆளானவர் யார் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அது உரிமைகளில் ஒரு சிறு பகுதி. வீட்டிலிருந்து விரட்டப்படாமல் இருப்பது, காவலர் அடிக்காமல் இருப்பது, சொத்தில் பங்கு, கூலியில் சமம், மருத்துவமனையில் உடன் இருப்பவராகக் கையெழுத்திடுவது ஆகியவற்றுக்கு எந்தப் பெயரும் தேவையில்லை. இவற்றையும் தனிக் கொள்கையின் பயனாளிப் பட்டியலுக்குள் அடைத்தால், பட்டியலில் இல்லாதவர் அடிபடலாம் என்று பொருளாகிவிடும். நூறு நாள் வேலைத் திட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வைத்தபோது, நடவுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்ட வேறு கூலி என்று பழகிய டெல்டாவில், எந்தப் பாலினத்தவராக இருந்தாலும் கூலி ஒன்றுதான் என்ற நிலை அந்த ஒரு வேலையில் வந்தது. வேலை அட்டையை மட்டும் குடும்பத்தின் பேரில் கொடுத்தார்கள். குடும்பம் துரத்திய பிள்ளைக்கு அங்கே தடை விழுந்தது.

நிலத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1989இல் தமிழ்நாடும் 2005இல் மத்திய அரசும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தந்தன. பெண்களுக்காக வந்த அந்தத் திருத்தம் இன்னொன்றையும் செய்தது: பிள்ளை ஆணா பெண்ணா என்ற கேள்வியே பங்கைப் பொறுத்தவரை பொருளற்றதாகிவிட்டது. திருநங்கையோ, திருநம்பியோ, தன்பாலீர்ப்புள்ள மகளோ, எந்தப் பெயரையும் ஏற்காதவரோ, அந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை என்றால் பங்கு உண்டு. நடைமுறையில் அந்தப் பங்கு கிடைக்காமல் போவதற்குக் காரணம், தந்தை இறந்தபின் வாங்கும் வாரிசுச் சான்றிதழில் அந்தப் பிள்ளையின் பெயரை உடன்பிறந்தோர் விட்டுவிடுவதுதான். திருவிடைமருதூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அந்த விண்ணப்பம் வரும்போது, கிராம நிர்வாக அலுவலர் இறந்தவருக்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டைவிட்டுப் போனவர் யாராவது உண்டா, இப்போது எங்கே இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுத வேண்டும். பழைய குடும்ப அட்டையும் பள்ளிச் சான்றும் போதும். பெயர் மாறியிருந்தால் அரசிதழ் அறிவிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். திருநர் அடையாள அட்டை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கக் கூடாது.